லண்டனில் நிற்கும் தாரா: உடம்பு முழுக்கப் பொன் எதற்கு?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன மாதம் வேலை விஷயமாக லண்டன் போயிருந்தேன். கிடைத்த அரை நாளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனேன். தெற்காசியக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் நின்ற தாரா என்ற பௌத்தத் தேவியை விட்டு ஒரு மணி நேரம் நகர முடியவில்லை.

இலங்கையில் கிடைத்த சிலை. 8ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். உயரம் 143 சென்டிமீட்டர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை நிற்கிற உயரம். வெண்கலத்தில் வார்த்து மேலே பொன்முலாம் பூசியிருக்கிறது. இடுப்புக்கு மேலே ஆடை இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிய மெல்லிய துணி. வலது கை கீழே இறங்கி, உள்ளங்கை நம் பக்கம் விரிந்து, வரம் தருகிறது. இடது கை எதையோ பிடித்திருந்த மாதிரி மடங்கி நிற்கிறது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. தாமரை இருந்திருக்கலாம் என்கிறார்கள். உயர்ந்த சடைமகுடத்தின் முன்பக்கம் ஒரு குழி, அதுவும் காலி. அமிதாப புத்தரின் சிறிய உருவம் அதில் அமர்ந்திருந்திருக்கும் என்பது அறிஞர்கள் கருத்து.

என் கேள்வி இதுதான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ உற்சவ அம்மன்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே பஞ்சலோக நிறம்தான். பொன் என்றால் நகையிலும் கவசத்திலும்தான் பார்த்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் ஏன் தலை முதல் கால் வரை பொன்? எப்படிப் பூசினார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பட்டறை மாணிக்கம் எழுதியது:

வைகைக்கரை தம்பிக்கு வணக்கம். சுவாமிமலைப் பக்கம் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வார்ப்புத் தொழில் செய்கிறது. பொன்முலாமுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வார்ப்பைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தாரா உள்ளே வெற்றிடம் இல்லாத கன வார்ப்பு. படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்வோம். அதன் மேல் வண்டல் மண்ணை முதலில் கரைசலாகப் பூசி, பிறகு தடிமனாக அப்பி, கம்பி கட்டிக் காய வைப்போம். சுட்டால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவோம். ஒன்றரை அடிச் சிலைக்கே ஊற்றும்போது பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். கை ஒரு கணம் நின்றால் உள்ளே மடிப்பு விழுந்துவிடும். மண்ணில் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்தால் வெடிக்கும். காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் விரல் நுனியில் உலோகம் போய்ச் சேராது.

கிட்டத்தட்ட ஐந்தடிக்கு ஒரு பெண் உருவத்தைக் கனமாக வார்க்க உலோகம் உருக்கும் மூசைகள் எத்தனை ஒரே நேரத்தில் உருகித் தயாராக இருந்திருக்க வேண்டும்! எத்தனை பேர் ஒருவர் மூச்சுக்கு ஒருவர் காத்து ஊற்றியிருக்க வேண்டும்! அந்த இடுப்பு வளைவை எல்லோரும் பேசுகிறார்கள், சரி. நான் அந்த விரல்களைத்தான் பார்ப்பேன். இறங்கிய கையின் விரல் நுனி வரை உலோகம் ஓடியிருக்கிறது. அதைச் செய்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இருந்தாலும் தொழிலில் எனக்கு அவர்கள் மூத்தவர்கள்.

முலாம் பற்றி நேபாளம் தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால் அவர்கள் சொல்லட்டும். எங்கள் வழக்கத்தில் சிலை முழுக்க முலாம் பூசுவது கிடையாது.

சங்குமுகம் எழுதியது:

நல்ல இழை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. தாரா, துர்க்கை, லட்சுமி எல்லாம் பெயர் மட்டும்தானே வேறு? அதே நிற்கும் அழகு, அதே வரத முத்திரை. மகாவித்யைகள் என்று இந்துக்கள் கும்பிடுகிற பத்துத் தேவிகளிலும் தாரா இருக்கிறாள். பௌத்தம், இந்து என்று பிரிக்காமல் அம்மன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

மட்டுநகர் மகள் எழுதியது:

சங்குமுகம் அண்ணா, நீங்கள் நல்ல மனதோடு சொல்வது தெரிகிறது. ஆனால் இந்தச் சிலை விஷயத்தில் அப்படிக் கலந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் சொல்கிறேன்.

இந்தச் சிலை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கேயோ கிடைத்தது என்றுதான் அருங்காட்சியகப் பதிவு சொல்கிறது. அதாவது எங்கள் கரை. நான் பிறந்த ஊரிலிருந்து வடக்கே போகிற கடற்கரை. இவளை நெடுங்காலம் தாரா என்று யாரும் எழுதவில்லை. பத்தினி தேவி என்றே எழுதினார்கள். பத்தினி யார்? சிங்களவர் கும்பிடுகிற பத்தினி தெய்யோ, எங்களுக்குக் கண்ணகி அம்மன். கயவாகு மன்னன் அந்த வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது மரபு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று எங்கள் பக்கம் கண்ணகிக்கு எத்தனையோ கோவில்கள். வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, அவளின் கோபம் தணியக் குளிர்த்தி பாடி முடிப்பார்கள்.

பத்தினி என்ற பெயரைக் கேட்டதும் என் அம்மம்மா அந்தப் படத்தை வாங்கி நெற்றியில் வைத்துக் கும்பிட்டா. எனக்கும் ஆசைதான், அது எங்கள் கண்ணகியாக இருக்க வேண்டும் என்று. ஆனால் கையில் சிலம்பு இல்லை. மகுடத்தில் புத்தருக்கு ஒரு மாடம் இருக்கிறது. அது பௌத்தத் தாரா. மகாயான பௌத்தம் எங்கள் கிழக்குக் கரையிலும் செழித்திருந்த காலத்தின் சாட்சி. அவளை அவள் பெயரிலேயே கூப்பிடுவதுதான் மரியாதை என்று எனக்குப் படுகிறது. மகாவித்யைத் தாராவின் உருவமும் வேறு, கத்தியும் கபாலமும் வைத்திருக்கிற உக்கிரமான உரு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அண்ணா, தெரியும்.

தாரா என்றால் கரை சேர்ப்பவள், கடக்க உதவுகிறவள் என்று பொருள் சொல்கிறார்கள். அவள் காக்கிற எட்டு பயங்களில் வெள்ளமும் ஒன்று. திருகோணமலை துறைமுகம் எத்தனை கப்பலைப் பார்த்தது! அந்தக் கரையில் அவளுக்கு ஒரு கோவில் இருந்திருந்தால் அது எனக்கு ஆச்சரியமே இல்லை.

சங்குமுகம் எழுதியது:

தங்கச்சி, ஏற்றுக்கொள்கிறேன். மகாவித்யைத் தாராவின் படத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

லலித்பூர்வாசி எழுதியது:

பட்டறை ஐயா கேட்டதற்காக எழுதுகிறேன். நான் நேபாளத்தில் லலித்பூரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாதன் என்றும் அந்த ஊரைச் சொல்வார்கள். அங்கே ஓக்கு பஹால் வட்டாரத்தில் சாக்கியர் குடும்பங்கள் இன்றும் இந்தத் தொழிலைச் செய்கின்றன. தெருவில் நடந்தாலே உளிச் சத்தம் கேட்கும்.

முதலில் ஒரு விஷயம். நாம் பொதுவாக "பொன்முலாம் பூசிய வெண்கலம்" என்கிறோம். நேபாளச் சிலைகளில் பெரும்பாலானவை வெண்கலம் இல்லை, கிட்டத்தட்டச் சுத்தமான செம்பு. செம்பை வார்ப்பது வெண்கலத்தை விடக் கடினம். வெப்பம் அதிகம் வேண்டும், குழம்பு அவ்வளவு எளிதாக ஓடாது. இருந்தும் அவர்கள் செம்பை விடாததற்குக் காரணம் பொன். வெண்கலத்தில் இருக்கிற வெள்ளீயமும் காரீயமும் பாதரச முலாமைப் பிடிக்க விடாமல் கறை போடும். செம்பில் அது அழகாக ஏறும். மேலே பூசப் போகும் பொன்னை நினைத்துத்தான் உள்ளே என்ன உலோகம் என்றே முடிவு செய்கிறார்கள்.

பூசும் முறை இது. பொன்னைத் தூளாக்கிப் பாதரசத்தோடு அரைத்தால் வெண்ணெய் போல ஒரு குழம்பு வரும். செம்பை அமிலத்தில் சுத்தம் செய்து, அந்தக் குழம்பை மேலே ஒரே சீராகத் தேய்ப்பார்கள். அந்த நேரத்தில் சிலை வெள்ளி போல இருக்கும், பொன் நிறமே தெரியாது. பிறகு நெருப்பு காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிப் போய்விடும். பொன் மட்டும் செம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போதும் மினுங்காது, மஞ்சள் அப்பியது போல மங்கலாக இருக்கும். அகேட் என்ற கடினமான கல்லின் முனையால் மணிக்கணக்கில் அழுத்தித் தேய்த்த பிறகுதான் அந்த ஒளி வரும். வெள்ளியாக இருந்தவள் மஞ்சளாகி, மஞ்சள் பொன்னாவதை நான் ஒரே ஒரு முறை கிட்ட நின்று பார்த்தேன். வசுதாராவின் சிறிய சிலை அது. ஆறு கைகள், ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் சுவடி, ஒன்றில் கலசம். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார் மக்களின் வீடுகளில் செல்வத்துக்காக அவளைக் கும்பிடுவார்கள்.

பழைய சிலைகளைப் பார்க்கும்போது பொன் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். நேபாளத் தேவிகளுக்கு முகமும் நெற்றியும்தான் முதலில் போகும். தினமும் குங்குமம் இடுகிற விரல் பட்டுப் பட்டுப் பொன் கரைந்து அடியில் செம்பின் சிவப்பு தெரியும். மூக்கும் உதடும்கூட மழுங்கிப் போயிருக்கும். விற்கிறவர்கள் அதைச் "சேதம்" என்று குறிப்பார்கள். எனக்கு அது சேதமாகத் தெரியவே இல்லை. திபெத்தில் வழக்கம் வேறு. முகத்துக்கு மட்டும் பொன்தூளைப் பசையில் குழைத்து அவ்வப்போது புதிதாகப் பூசுவார்கள், தலைமுடிக்கு நீலம் தீட்டுவார்கள். அதனால் திபெத் போன சிலைகளின் முகம் மென்மையாக, மினுக்கம் இல்லாமல் இருக்கும்.

உள்ளே வெற்றிடமாக வார்ப்பதும் அங்கே வழக்கம். அந்த வெற்றிடத்தில் மந்திரச் சுருள், தானியம், திருப்பொருள்கள் வைத்து, அடியில் செப்புத் தகட்டால் மூடி, அதில் இரட்டை வஜ்ர முத்திரை பொறிப்பார்கள். அப்போதுதான் அவளுக்கு உயிர் வருகிறது. சந்தைக்கு வருகிற பல சிலைகளில் அந்தத் தகடு பெயர்க்கப்பட்டிருக்கும். உள்ளே பார்த்தால் வெறும் இருட்டு. தேய்ந்த முகத்தைப் பார்க்கும்போது வராத வருத்தம் அதைப் பார்க்கும்போது வரும்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, கோடி நன்றி. நான் எடுத்த படங்களை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். லண்டன் தாராவின் முகத்தில் பொன் நன்றாகவே இருக்கிறது. நெற்றியிலும் விரல் தேய்த்த தடம் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. அப்படியென்றால் இவளை யாரும் தொட்டுக் கும்பிடவில்லையா?

மட்டுநகர் மகள் எழுதியது:

அங்கே வழிபாட்டு முறை வேறாக இருந்திருக்கலாம் தானே. பௌத்த விகாரைகளில் பூவும் விளக்கும் முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள், சிலையைத் தொட மாட்டார்கள். கண்டுபிடிக்கும் வரை எவ்வளவு காலம் மண்ணுக்குள் இருந்தாளோ. வெகரகலயில் 1968இல் கிடைத்த அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரும் பொன்முலாம் பூசிய வெண்கலம்தான். கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறார், அவரிலும் பொன் மிச்சம் இருக்கிறது. ஆக அந்தக் காலத்தில் எங்கள் தீவில் தெய்வ உருவத்துக்குப் பொன் பூசுவது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது.

புத்தரின் உடம்பே பொன் நிறம் என்று பௌத்தர்கள் சொல்வார்கள். மகாபுருஷ லட்சணம் முப்பத்திரண்டில் அதுவும் ஒன்று. அதனால் வைகைக்கரை அண்ணா கேட்ட முதல் கேள்விக்கு என் பதில்: அந்தப் பொன் அலங்காரம் இல்லை. நகை என்றால் கழற்றலாம். இது அவளின் தோல்.

பட்டறை மாணிக்கம் எழுதியது:

"அவளின் தோல்" என்று மகள் எழுதியதைப் பட்டறையில் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

எங்கள் பக்கம் ஏன் இல்லை என்பதற்கு என் அனுபவத்தில் படுவதைச் சொல்கிறேன். எங்கள் உற்சவருக்குப் பாலும் தயிரும் சந்தனமும் விபூதியும் எலுமிச்சையும் படும். அபிஷேகம் முடிந்ததும் துணியால் துடைப்பார்கள், திருவிழாவுக்கு முன்னால் புளி போட்டுத் தேய்ப்பார்கள். எந்த முலாம் அதைத் தாங்கும்? சோழர் காலத்துப் பார்வதியில் இடுப்பு மடிப்பும் ஒட்டியாணச் செதுக்கலும் வழுவழுவென்று மழுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நூற்றாண்டுக் கணக்கான திருமஞ்சனம். எங்களுக்குப் பொன் என்றால் கவசம். சாத்தலாம், களையலாம், பெட்டகத்தில் வைக்கலாம். அடியில் அம்மன் அம்மனாகவே இருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லலித்பூர்வாசி ஐயா சொன்ன அந்தப் பாதரசப் புகை. அது சும்மா போகாது. மூச்சு வழியாக உள்ளே போய் நரம்பைத் தின்னும், கை நடுங்க ஆரம்பிக்கும். கை நடுங்கினால் எங்கள் தொழிலில் என்ன மிஞ்சும்? மின்முலாம் இருக்கிறது. ஆபத்து குறைவு. ஆனால் மெல்லிய பூச்சு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளபளக்கும், ஆழம் இருக்காது. எனக்குக் கண்ணுக்குப் பிடிக்காது. இருந்தாலும் என் பையன் பூச வேண்டும் என்றால் மின்முலாம் போதும் என்றுதான் சொல்வேன்.

லலித்பூர்வாசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. நான் பார்த்த பட்டறையில் மொட்டை மாடியில், காற்றுப் போகும் திசை பார்த்து உட்கார்ந்துதான் சூடு காட்டினார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். பாதரச ஆவிக்குத் துணி ஒரு தடையே இல்லை. அந்தச் சிலையின் அழகை எழுதியபோது அந்த மனிதரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புள்ள அடுப்புகள் எல்லாப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. வாங்குகிறவர்கள் பொன்னின் தரத்தைக் கேட்கிற அளவுக்கு அதையும் கேட்க வேண்டும்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எங்கள் ஊர் பங்காரு காமாட்சியை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். அவள் முலாம் இல்லை, பொன்னாலேயே ஆனவள். போர்க் காலத்தில் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று காஞ்சியிலிருந்து தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் ஊராகத் தங்கி 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் வந்து சேர்ந்தாள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் முன்னோர்கள்தான் அவளுக்குப் பூஜை செய்துகொண்டே கூட வந்தவர்கள். சாஸ்திரிகள் பிற்பாடு பாடியதெல்லாம் அவள் முன்னால்தான்.

இப்போது போய்ப் பாருங்கள். கறுப்பாகத்தான் தெரிவாள். புனுகு சாத்திச் சாத்திப் பொன் தெரியவே தெரியாது. என் அம்மா சொல்வார்கள், "அவ தங்கம்னு அவளுக்குத் தெரியும், போதும்" என்று. செம்பில் பொன் பூசி ஊருக்கே காட்டுகிற பக்தியும் உண்டு. பொன்னாகவே செய்துவிட்டு அதைப் புனுகால் மூடுகிற பக்தியும் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றே போலப் புரிகிறது.

வைகைக்கரை எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சங்குமுகம் எழுதியது:

நான் இன்னொரு கேள்வி கேட்கிறேன். அந்தத் தாரா ஏன் இன்னும் லண்டனில் இருக்கிறாள்? கொடுத்தவர் ராபர்ட் பிரவுன்ரிக். 1812 முதல் 1820 வரை இலங்கை ஆளுநர். 1815இல் கண்டியைப் பிடித்ததும், 1818 கிளர்ச்சியை அடக்கியதும் அவர் ஆட்சிதான். 1830இல் சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர்கள் என்ன செய்தார்கள்? உடல் வனப்பு அதிகம் என்று சொல்லி முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் உள்ளே பூட்டி வைத்தார்கள். அறிஞர்கள் மட்டும் போய்ப் பார்க்கலாம். ஒரு தேவியை அசிங்கம் என்று நினைத்தவர்களிடம் அவள் ஏன் இருக்க வேண்டும்? 2023இல் நெதர்லாந்து கண்டியின் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அதுபோல இதையும் கொடுக்கட்டும்.

லலித்பூர்வாசி எழுதியது:

திருப்பிக் கொடுத்த பிறகு எங்கே வைப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். பாதனில் 1984இல் ஒரு லட்சுமி நாராயணர் கற்சிலை திருடு போனது. ஒரு பாதி விஷ்ணு, ஒரு பாதி லட்சுமி. அமெரிக்காவில் டல்லாஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து 2021இல் திரும்பி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய கோவிலிலேயே பிரதிஷ்டை செய்தார்கள். அதுவரை அந்த இடத்தில் ஒரு பிரதி நின்றது, மக்கள் அதையும் விடாமல் கும்பிட்டு வந்தார்கள். திரும்பி வந்த அன்று மறுபடி குங்குமம், மறுபடி பூ. அங்கே எல்லாருக்கும் அவருடைய இடம் தெரியும். ஆனால் தாராவுக்கு எந்த விகாரை, எந்த ஊர் என்றே பதிவு இல்லை. "திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்" என்பது நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை.

சங்குமுகம் எழுதியது:

இடம் தெரியாததும் எடுத்துப் போனவர்கள் செய்த தவறுதானே? எங்கே கிடைத்தது என்று ஒரு வரி சரியாக எழுதி வைத்திருக்கலாம். அவர்கள் எழுதாத குறையைக் காட்டியே திருப்பிக் கொடுக்காமல் இருப்பது எந்த நியாயம்?

லலித்பூர்வாசி எழுதியது:

அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். கொடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கொழும்பில் கண்ணாடிக்குள் வைப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மட்டுநகர் மகள் எழுதியது:

கொழும்பு அருங்காட்சியகத்தில் இப்போது அவளின் பிரதி ஒன்று நிற்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அப்போது அது பிரதி என்று எனக்குத் தெரியாது. எங்கள் கரையில் கிடைத்தவள் என்றும் யாரும் சொல்லவில்லை.

பூட்டி வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. கதவு சாத்தியிருப்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் கண்ணகி கோவில்களில் வருடம் முழுக்கக் கதவு பூட்டித்தான் இருக்கும். வைகாசியில் அந்தச் சடங்கு நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். ஆனால் உள்ளே இருப்பவளை நினைத்து ஊரே நாள் எண்ணிக்கொண்டிருக்கும். லண்டனில் பூட்டிய முப்பது வருடத்தில் அவளுக்காக நாள் எண்ண யார் இருந்தார்கள்?

வரவேண்டும் என்பதுதான் என் விருப்பமும். வந்தால் கொழும்போடு நிற்காமல் ஒரு முறையாவது கிழக்குக்குக் கொண்டுவர வேண்டும். அம்மம்மாவுக்கு எண்பத்து நான்கு. இந்த இழையை முழுக்க அவவுக்கு வாசித்துக் காட்டினேன். தாரா என்று சொன்னேன், புத்தரின் மாடத்தைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, அவவின் பெயர் தாரா. எங்கட கடற்கரைப் பிள்ளை தானே" என்று சொல்லி, படத்தைத் திரும்பச் சுவாமி அறையிலேயே வைத்துவிட்டா.

பட்டறை மாணிக்கம் எழுதியது:

வைகைக்கரை தம்பி, நீங்கள் எடுத்த படங்களில் இடது கை விரல்கள் அருகில் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள். காலியான அந்தப் பிடியில் எந்த அளவுத் தண்டு நின்றிருக்கும் என்று பார்க்க வேண்டும். மெழுகில் ஒரு தாமரை செய்து பார்க்கப் போகிறேன்.